காத்தை முதல்ல சுத்தம் பண்ணினது யாருக்காக?

(பாட்காஸ்ட் எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த எபிசோட் ஒரு வாட்ஸப் காலில் ஆரம்பிச்சது.

என் காலேஜ் நண்பன் ஒருத்தன் ஹூஸ்டன் பக்கத்துல புறநகர்ல வீடு வாங்கியிருக்கான். போன மாசம் ஒரு ராத்திரி கூப்பிட்டான். "மச்சி, ஏசி டக்ட் க்ளீன் பண்ண ஆள் வந்திருக்கான். 99 டாலர்னு நோட்டீஸ் போட்டிருந்தான். இப்ப டக்டுக்குள்ள கேமராவை விட்டுக் காட்டி, பூஞ்சை இருக்கு, ரெண்டாயிரம் டாலர் ஆகும்ங்கறான். குழந்தை வேற இருமுது. என்ன பண்றது?"

நான் எழுதறது சாஃப்ட்வேர். எனக்கு என்ன தெரியும்? "கையெழுத்துப் போடாதே, ஒரு நாள் டைம் வாங்கு, படிச்சுட்டுச் சொல்றேன்"னு வெச்சேன். ஃபோனை வெச்சதும் பக்கத்துல உட்கார்ந்து அவரை உரிச்சுட்டிருந்த அம்மா கேட்டாங்க, "என்ன கண்ணு, டக்டா? எங்க மில்லுல இருந்ததே, அந்த டக்டா?"

அம்மா பல்லடம் பக்கத்துல ஒரு ஸ்பின்னிங் மில்லுல 11 வருஷம் சைடரா வேலை பார்த்தவங்க. டக்ட்ங்கற வார்த்தை எனக்கு இன்ஜினியரிங் காலேஜ்ல கிடைச்சது. அவங்களுக்கு அது தலைக்கு மேல எட்டு மணி நேரம் இரைஞ்சுட்டிருந்த தகரக் குழாய். அந்த ராத்திரி நான் படிக்க ஆரம்பிச்சது ஹூஸ்டன் வீட்டைப் பத்தி. போய் நின்னது நம்ம ஊர் மில்லுல.

ஏசி என்ற பெயர் பிறந்த இடம்

ஏர் கண்டிஷனிங்னு சொன்னா நமக்குக் குளிர்ச்சிதான் ஞாபகம் வரும். ஆனா அந்தப் பெயர் பிறந்தது குளிர்ச்சிக்காக இல்லை. பிறந்த இடம் வீடும் இல்லை, தியேட்டரும் இல்லை. பருத்தி மில்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் சார்லட் நகரத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் கிராமர் என்ற இன்ஜினியர், 1906 மே மாசம் ஆஷ்வில்லில் நடந்த பருத்தி ஆலை முதலாளிகள் மாநாட்டில் ஒரு கட்டுரை வாசிச்சார். மில்லுக்குள்ள வர்ற காத்துக்கு ஈரம் கொடுத்து, அதைச் சுத்தப்படுத்தி, சூட்டையும் கட்டுப்படுத்தறதுதான் விஷயம். அதுக்கு அவர் வெச்ச பெயர் ஏர் கண்டிஷனிங். அந்த வார்த்தையை அவர் எடுத்தது மில்லுக்குள்ள இருந்தே. நூலுக்கு ஈரம் ஏத்தறதுக்கு ஏற்கெனவே 'கண்டிஷனிங்'னு பெயர் இருந்தது. நூலுக்குச் செய்யறதைக் காத்துக்குச் செஞ்சா அது ஏர் கண்டிஷனிங்.

திருப்பூர்ல நூல் வாங்கறவங்களுக்கு இது புதுசா இருக்காது. 'கண்டிஷனிங் பண்ணின நூலா?'ன்னு இன்னைக்கும் கேட்கறாங்க. ஆவி கொடுக்காத நூல் நிட்டிங் மெஷின்ல முறுக்கிக்கும், பஞ்சு அதிகமாப் பறக்கும். அது மட்டுமில்ல, நூலை எடை போட்டு விக்கறோம். பருத்திக்குக் கணக்கில் ஒத்துக்கிட்ட ஈரம் 8.5 சதவீதம். மில்லுல ஓடி ஓடிக் காஞ்சுபோன நூல் அந்தக் கணக்குக்குக் கீழே இறங்கினா விக்கறவருக்கு நஷ்டம். ஈரம்தான் எடை, எடைதான் காசு.

வில்லிஸ் கேரியர் பெயரை நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. அவர் 1902ல் நியூயார்க் புரூக்ளின்ல ஒரு அச்சகத்துக்காக முதல் சிஸ்டத்தை டிசைன் பண்ணினார். அங்கேயும் பிரச்சனை மனுஷனோட வேர்வை இல்லை. காத்துல ஈரம் ஏறி இறங்கினதால காகிதம் விரிஞ்சு சுருங்கி, கலர் பிரிண்ட் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உட்காரலை. ஒரு பக்கம் காகிதம், இன்னொரு பக்கம் நூல். ஏசியோட முதல் வாடிக்கையாளர்கள் பொருட்கள்தான், மனுஷங்க இல்லை. இந்த எபிசோட் முழுக்க இதை ஞாபகம் வெச்சுக்கங்க.

ஈரத்துக்கு ஏன் இவ்வளவு அலைச்சல்?

பருத்தி இழை விசித்திரமானது. ஈரமானா பலம் கூடும். காஞ்சா விறைச்சுக்கும், உடையும். காஞ்ச காத்துல உரசினா மின்னேற்றம் வேற வந்து, இழை ஒண்ணையொண்ணு தள்ளி நிக்கும், ரோலர்ல சுத்திக்கும். அதனால ரிங் ஃப்ரேம் ஓடற இடத்துல காத்தோட ஈரப்பதம் பொதுவா 55 முதல் 60 சதவீதம் வரைக்கும் வேணும். தறி ஓடற இடத்துல அதைவிட நல்லா அதிகம் வேணும்.

இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி ஊரானதுக்கு அங்கிருந்த ஈரமான வானிலையும் ஒரு காரணம்னு சொல்லுவாங்க. அந்த ஈரமும் போதாமத்தான் அங்கே தறிக்கூடத்துக்குள்ள நேரடியா பாய்லர் ஆவியைத் திறந்துவிட்டாங்க. 1860கள்ல அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்தப்போ அமெரிக்கப் பஞ்சு வர்றது நின்னுபோச்சு. பதிலுக்குப் போனது நம்ம நாட்டுப் பஞ்சு. 'சூரத்'னு அங்கே பெயர். குட்டை இழை, அடிக்கடி அறுந்தது. அதைச் சமாளிக்க நூலுக்குச் சீனக் களிமண் கலந்த பசையை அதிகமாப் போட்டாங்க. பசை காஞ்சு உதிராம இருக்க ஆவி. நாள் முழுக்க அந்த ஆவிக்குள்ள நின்ன நெசவாளர்கள், நனைஞ்ச துணியோட வெளியே குளிருக்குள்ள போனாங்க. பல வருஷம் எதிர்ப்பு கிளம்பினதுக்கு அப்புறம் 1889ல் பருத்தித் துணி ஆலைகளுக்குன்னு தனிச் சட்டம் வந்தது. இவ்வளவு சூட்டுக்கு இவ்வளவு ஈரத்துக்கு மேல போகக் கூடாதுன்னு அட்டவணை போட்டாங்க. ஈரத்துக்கு 'குறைஞ்சது இவ்வளவு வேணும்'னு சொன்னது நூல். 'அதிகபட்சம் இவ்வளவுதான்'னு சொன்னது நெசவாளி.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். கோயம்புத்தூர்ல முதல் மில்லை ராபர்ட் ஸ்டேன்ஸ் முதலான வெள்ளைக்காரங்க தொடங்கினது 1888ல். நகரமும் சுத்துவட்டாரமும் மில் ஊரா மாறினது 1930கள்ல, பைக்காரா நீர்மின்சாரம் வந்ததுக்கு அப்புறம். கரிசல் மண்ணுல பருத்தி இருந்தது, கரன்ட் வந்தது, முதலீடு செய்ய ஆள் இருந்தாங்க. இல்லாதது ஈரம்.

கோவை, திருப்பூர், பல்லடம், அவிநாசி எல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையோட மழை மறைவுல இருக்கற ஊர். ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து கொஞ்சம் குளுகுளுன்னு இருக்கும். மாசி, பங்குனி வந்தா உதடு வெடிக்கும். வெளியே இப்படி இருக்க, சுவருக்கு உள்ளே மட்டும் வருஷம் 365 நாளும் ஈரமான கடலோர ஊரைத் தயாரிக்கணும். ஹூஸ்டன்ல ஈரம் வானத்துல இருந்து வருது. நம்ம மில்லுல ஈரத்தை மோட்டார் வெச்சுத் தயாரிக்கறோம்.

இந்தியா முழுக்க மில்களில் இதே பிரச்சனைதான். 1923ல் டி. மலோனி என்ற அதிகாரி இந்தியப் பருத்தி ஆலைகளில் ஈரமூட்டுவது பத்தி அரசாங்கத்துக்கு அறிக்கையே கொடுத்தார். பிறகு 1948 தொழிற்சாலைச் சட்டத்துல இதுக்குத் தனிப் பிரிவு, 15ஆம் பிரிவு. அதுல எனக்குப் பிடிச்ச ஒரு விதி: காத்தை ஈரமாக்கப் பயன்படுத்தற தண்ணி குடிநீர் தரமா இருக்கணும், இல்லைன்னா சரியாச் சுத்திகரிச்சிருக்கணும். யோசிச்சுப் பாருங்க. தூவற தண்ணி கடைசியில் யாரோ ஒருத்தரோட நெஞ்சுக்குள்ளதான் போகுதுன்னு 1948லயே சட்டம் ஒத்துக்கிட்டது.

ஹெச்-பிளான்ட்டுக்குள்ள ஒரு சுத்து

மில்காரங்க இதை ஹெச்-பிளான்ட்னு சொல்லுவாங்க. ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட். காத்து போற வழி இதுதான்.

ரிங் ஃப்ரேம் நிக்கற தரையில் கம்பி வலை போட்ட ஓட்டைகள் இருக்கும். அதுக்குக் கீழே சுரங்கம் மாதிரி ஒரு வாய்க்கால். மெஷின் சூட்டையும் பறக்கற பஞ்சையும் சேர்த்து காத்து அதுக்குள்ள உறிஞ்சப்படும். வாய்க்கால் முடியற இடத்துல பெரிய உருளை ஃபில்டர் மெதுவாச் சுத்திட்டிருக்கும். பஞ்சு அதுல ஒட்டும், அதை உறிஞ்சிப் பையில் சேர்ப்பாங்க. அங்கிருந்து காத்து ஒரு ரூமுக்குள்ள போகும். அங்கே வரிசையா நாசில், தண்ணி மழையாக் கொட்டும். காத்து அந்த மழைக்குள்ள நடந்து வந்து, வளைஞ்ச தகடுகளில் மோதித் துளிகளை உதிர்த்துட்டு, ஃபேன் வழியா மேலே இருக்கற டக்டுக்குப் போகும். டக்டிலிருந்து திரும்ப மெஷின் மேல இறங்கும். பெரும்பகுதி திரும்பத் திரும்ப அதே காத்துதான். வெளிக்காத்தை எவ்வளவு சேர்க்கறதுங்கறது வெளியே இருக்கற வெயிலையும் ஈரத்தையும் பொறுத்தது.

இதுல எங்கே அழுக்கு சேரும்? எல்லா இடத்துலயும். ஃபில்டர்ல தப்பின நுண் தூசி ஈரத்தோட டக்டுக்குள்ள படியும். தரைக்குக் கீழே வாய்க்கால்ல பஞ்சு மெத்தை மாதிரி அடையும். அடைஞ்சா காத்தோட்டம் குறையும், ஃபேனுக்குக் கரன்ட் கூடும், எங்கேயாவது ஒரு தீப்பொறி விழுந்தா பஞ்சு வழியாவே நெருப்பு ஓடும். அதனால மில்லுக்கு டக்ட் க்ளீனிங் ஆடம்பரம் இல்லை, பராமரிப்பு அட்டவணையில் இருக்கற வேலை. மெஷினுக்கு மேல தண்டவாளத்துல யானைத் தும்பிக்கை மாதிரி ரெண்டு குழாயைத் தொங்கவிட்டுட்டு ஒண்ணு போய்ட்டு வந்துட்டிருக்கும், ஓவர்ஹெட் கிளீனர். ஒரு குழாய் ஊதும், இன்னொண்ணு தரையில் கிடக்கறதை உறிஞ்சும். மெஷின் எட்டாத இடத்துக்கு மனுஷன் போவான். வாய்க்காலுக்குள்ள இறங்கிக் குனிஞ்சபடி பஞ்சை வாரி வெளியே போடறது ஒருத்தரோட வேலை.

இவ்வளவையும் அம்மாகிட்ட படம் போட்டுக் காட்டினேன். பார்த்துட்டு ஒரே ஒரு விஷயம் சொன்னாங்க. "ஹெச்-பிளான்ட் நின்னுபோச்சுன்னா ரெண்டு நிமிஷத்துல சூப்பர்வைசர் ஓடி வருவாரு கண்ணு. எங்களுக்காக இல்ல. நூல் அறுந்துபோகும்னு."

கோவையில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், அதாவது சிட்ரா, 1956ல் தொடங்கினது. நூல் தரம், கரன்ட் செலவு, ஈரப்பதம்னு இந்தப் பகுதி மில்களுக்கு எண்ணை வெச்சுப் பேசக் கத்துக்கொடுத்ததுல அதுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்னைக்கு ஒரு மில்லுல ஆயிரம் மீட்டருக்கு எத்தனை இடத்துல நூல் மெலிஞ்சிருக்குன்னு மெஷின் எண்ணிச் சொல்லும். நூலுக்கு லாக் ஃபைல் இருக்கு. அதே காத்தை சுவாசிச்ச நெஞ்சுக்கு லாக் ஃபைல் எங்கே?

லீவு முடிஞ்சு போற முதல் ஷிஃப்ட்

பஞ்சுத் தூசியால வர்ற நுரையீரல் நோய்க்கு பிசினோசிஸ்னு பெயர். பிசினுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, மெல்லிய துணியைக் குறிக்கற பழைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இதோட வினோதமான அடையாளம் ஒண்ணு உண்டு. ஞாயித்துக்கிழமை லீவு முடிஞ்சு திங்கக்கிழமை வேலைக்குப் போனா நெஞ்சு இறுக்கும், மூச்சு வாங்கும். செவ்வாய்க்கிழமை குறைஞ்சுடும். அதனால 'திங்கக்கிழமைக் காய்ச்சல்'னுகூட பேர் வந்தது. ஆரம்பத்துல அந்த ஒரு நாள்தான். வருஷங்கள் போனா வாரம் முழுக்க. அதுக்கும் அப்புறம், வேலையை விட்டாலும் மூச்சு திரும்பாது.

எல்லாப் பிரிவுலயும் ஒரே ஆபத்து இல்லை. பஞ்சுப் பொதியை உடைக்கற ப்ளோ ரூமும், பஞ்சைச் சீவற கார்டிங்கும்தான் மோசம். காரணம், நோய் உண்டாக்கறது வெள்ளைப் பஞ்சு மட்டுமில்ல. அதோட வர்ற இலைத் தூள், அதுல வாழற பாக்டீரியாவோட எச்சம். நூலாகி நிட்டிங்குக்கு வர்றப்போ இதுல பெரும்பகுதி போயிருக்கும். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஃபேன் இறக்கைல தொங்கற பஞ்சு எரிச்சலும் தும்மலும் தரும். ஆனா கார்டிங் தூசியும் அதுவும் ஒண்ணு இல்லை.

பிரிட்டனில் 1941லயே பிசினோசிஸுக்கு இழப்பீட்டுத் திட்டம் வந்தது. அப்புறம் மெஷின்கள் மாறிடுச்சு, இது பழைய தலைமுறை நோய்னு பலரும் நினைச்சாங்க. 1950கள்ல ரிச்சர்ட் ஷில்லிங் என்ற டாக்டர் லங்காஷயர் கார்டிங் கூடங்களுக்கு நேரே போய்த் தொழிலாளிகளைக் கேள்வி கேட்டார். நோய் போகவே இல்லைன்னு தெரிஞ்சது. அவர் செஞ்சதுல பெரிய டெக்னாலஜி எதுவும் இல்லை. 'எந்த நாள்ல நெஞ்சு இறுக்குது?'ன்னு கேட்டு, பதிலை வெச்சுப் படிநிலை வகுத்தார். உலகம் முழுக்க அந்த முறையைத்தான் எடுத்துக்கிட்டாங்க.

அமெரிக்காவில் 'பழுப்பு நுரையீரல்'ங்கற பெயரில் தொழிலாளிகள் போராடினாங்க. 1978ல் அங்கே தொழில் பாதுகாப்புத் துறை விதி போட்டது. நூற்பு ஆலையில் எட்டு மணி நேரச் சராசரியா ஒரு கன மீட்டர் காத்துல 200 மைக்ரோகிராமுக்கு மேல பஞ்சுத் தூசி இருக்கக் கூடாது. செலவு தாங்காதுன்னு ஆலை முதலாளிகள் சங்கம் கோர்ட்டுக்குப் போச்சு. 1981ல் உச்ச நீதிமன்றம் விதி செல்லும்னு சொல்லிடுச்சு. தொழிலாளியோட உடம்பை லாப நஷ்டக் கணக்குல போட்டுப் பார்க்கச் சட்டம் சொல்லலை, செய்ய முடியுமாங்கறதுதான் கேள்வின்னு தீர்ப்பு.

அப்புறம் மில்லுல மாறினது என்ன? டக்டை அடிக்கடி கழுவினது இல்லை. தூசி கிளம்பற இடத்துலயே பிடிச்சாங்க. கார்டிங் மெஷினைச் சுத்தி மூடி, அது உள்ளேயே பல இடத்துல உறிஞ்சு குழாய் வெச்சாங்க. நம்ம 1948 சட்டத்தோட 14ஆம் பிரிவும் இதைத்தான் சொன்னது. தூசியை உறிஞ்சும் கருவியை, தூசி பிறக்கற இடத்துக்கு எவ்வளவு பக்கத்துல முடியுமோ அவ்வளவு பக்கத்துல வைக்கணும். போபாலுக்குப் பிறகு 1987ல் அந்தச் சட்டத்தைத் திருத்தினப்போ பஞ்சுத் தூசிக்கு வரம்பும் சேர்த்தாங்க. கன மீட்டருக்கு 0.2 மில்லிகிராம். கணக்குப் போட்டுப் பாருங்க, அமெரிக்கா சொன்ன அதே 200 மைக்ரோகிராம். பிசினோசிஸ் அந்தச் சட்டத்துல அறிவிக்க வேண்டிய நோய்கள் பட்டியல்லயும் இருந்தது. கண்டுபிடிச்ச டாக்டர் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்கு எழுதியாகணும்னு விதி இருந்தது.

ஆக விதியில் குறை இல்லை. ஆனா உங்களுக்குத் தெரிஞ்ச யாராவது ஒருத்தருக்கு டாக்டர் 'உனக்கு பிசினோசிஸ்'னு எழுதிக் கொடுத்துப் பார்த்திருக்கீங்களா? நான் பார்த்ததில்லை. 'ஆஸ்துமா', 'வீஸிங்', 'தூசி அலர்ஜி', 'பீடி குடிப்பியா?'. இதுதான் சீட்டுல வரும். நம்ம மில்லுல வார லீவு ஆளுக்கு ஒரு நாள், ஷிஃப்டும் மாறும். எல்லாருக்கும் பொதுவா ஒரு திங்கக்கிழமையே கிடையாது. 'திங்கக்கிழமை' ஒருத்தருக்குப் புதன்ல வரும், இன்னொருத்தருக்கு சனியில் வரும். அதுலயும் மூணு வருஷ ஒப்பந்தத்துல ஹாஸ்டல்ல தங்கி வேலை பார்த்துட்டு ஊருக்குப் போன பொண்ணுங்களை யார் பின்தொடர்ந்து போய்க் கேட்டாங்க? நோய் வருஷக்கணக்குல வளருது. ஆள் அதுக்குள்ள மில் ரிஜிஸ்டரை விட்டே போயிடறாங்க. டேட்டா இல்லைன்னா பிரச்சனை இல்லைன்னு அர்த்தம் கிடையாது. இது என் தொழில்ல முதல் வருஷம் கத்துக்கிட்ட பாடம்.

திரும்ப ஹூஸ்டனுக்கு

சரி, என் நண்பன் காத்துட்டிருக்கான்.

காத்துக் குழாய் பத்தின பயம் பொதுமக்களுக்கு வந்ததுல 1976க்குப் பெரிய இடம் உண்டு. அந்த ஜூலையில் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டல்ல முன்னாள் ராணுவத்தினர் மாநாடு நடந்தது. அதுக்குப் பிறகு புரியாத நிமோனியா பரவி 34 பேர் இறந்தாங்க. அடுத்த ஜனவரியில் ஜோசஃப் மெக்டேட் என்ற விஞ்ஞானி காரணமான பாக்டீரியாவைக் கண்டுபிடிச்சார். லெஜியோனெல்லான்னு பெயர் வந்தது. ஏசியோட கூலிங் டவர் தண்ணியில் வளர்ந்து துளியாப் பரவினதுன்னு கருதறாங்க. தண்ணியைப் பத்தி நம்ம 15ஆம் பிரிவு சொன்னது ஞாபகம் வருதா?

1989ல் அமெரிக்காவில் டக்ட் க்ளீனிங் தொழில்காரங்களுக்குச் சங்கமே வந்தது. 1997ல் அங்கத்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வீட்டுக்காரங்களுக்காக ஒரு கையேடு போட்டது. சாரம் இதுதான். டக்டைச் சுத்தம் பண்ணினா நோய் வராமத் தடுக்கும்னு நிரூபணம் இல்லை. வழக்கமாச் செய்யற வேலையா இதைச் செய்யத் தேவையில்லை. கண்ணுக்குத் தெரியற மாதிரி பூஞ்சை படர்ந்திருந்தா, எலியோ பூச்சியோ குடியிருந்தா, தூசி அடைச்சு ரூமுக்குள்ள கொட்டினா, அப்போ செய்யலாம். ஆனா பூஞ்சைக்குக் காரணமான ஈரத்தைச் சரி பண்ணலைன்னா அது திரும்ப வரும். டக்டுக்கு உள்ளே ஒட்டின கண்ணாடி இழைப் பஞ்சு நனைஞ்சிருந்தா கழுவிப் பிரயோஜனம் இல்லை, மாத்தணும்.

மில்லுல கத்துக்கிட்ட பாடமேதான். தூசியோ ஈரமோ, பிறக்கற இடத்துல பிடி.

நண்பன்கிட்ட சொன்னேன். "டக்டை விடு. முதல்ல ஏசியோட தண்ணி எங்கே வடியுதுன்னு பாரு. ஃபில்டரை எப்ப மாத்தினேன்னு பாரு. வீட்டுக்குள்ள ஈரப்பதம் அறுபதுக்கு மேல இருக்கான்னு ஒரு மீட்டர் வாங்கி வெச்சுப் பாரு. குழந்தையை டாக்டர்கிட்ட காட்டு." அடுத்த நாள் படம் அனுப்பினான். ஏசி யூனிட்டுக்கு அடியில் தண்ணி பிடிக்கற தட்டு வடியாம நிரம்பிக் கிடந்தது, பாசி பிடிச்சு. வடிகுழாய் அடைப்பு. அதை எடுத்துவிட்டான். ரெண்டாயிரம் டாலர் தப்பிச்சது. இருமலுக்குக் காரணம் அதுதானான்னு எனக்குச் சொல்லத் தெரியாது, அதை டாக்டர் பார்த்துக்கட்டும். ஆனா ஈரம் எங்கிருந்து வந்ததுன்னு தெரிஞ்சுபோச்சு.

ஒரு கேள்வி

இதை எல்லாம் முடிச்சுட்டு ஒரு நாள் அம்மாகிட்ட ஷில்லிங் கேட்ட அந்தக் கேள்வியைக் கேட்டேன். "அம்மா, மில்லுக்குப் போறப்போ நெஞ்சு இறுக்குமா?"

கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "லீவு முடிஞ்சு போற மொத ஷிஃப்ட்ல இருக்கும். ரெண்டாம் நாள் சரியாயிரும். எல்லாருக்கும் அப்படித்தான். வீட்டுல சும்மா இருந்துட்டு வந்ததால உடம்பு சோம்பேறியாயிருச்சுன்னு சிரிச்சுக்குவோம்."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரலை. 28 வயசு வரைக்கும் நான் இதைக் கேட்டதே இல்லை. மாடிப்படி ஏறினா ரெண்டு தடவை நின்னுட்டு ஏறுவாங்க. வயசாயிடுச்சு, வெயிட் போட்டுட்டாங்கன்னு நினைச்சுட்டிருந்தேன். அவங்களுக்கு இருக்கறது பிசினோசிஸ்தான்னு நான் சொல்ல வரலை. நான் டாக்டர் இல்லை, பரிசோதனையில்தான் தெரியும். கூட்டிட்டுப் போனேன். இந்தத் தடவை நானே முதல்ல சொன்னேன், "11 வருஷம் ஸ்பின்னிங் மில். முதல் ரெண்டு வருஷம் கார்டிங்." டாக்டர் எழுதிட்டிருந்த பேனாவை வெச்சுட்டு நிமிர்ந்து பார்த்தார். ஊதிப் பார்க்கற டெஸ்டுக்கு எழுதினார். இத்தனை வருஷத்துல அம்மாவுக்கு அந்த டெஸ்ட் அதுதான் முதல் தடவை.

இத்தாலியில் பெர்னார்டினோ ரமாசினின்னு ஒரு டாக்டர் இருந்தார். 1700ல் தொழில்களால வர்ற நோய்கள் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். சணல், ஆளி நார் சீவறவங்க தூசியால இருமறதை அதுல பதிவு பண்ணியிருக்கார். அதைவிட முக்கியமா, நோயாளிகிட்ட டாக்டர்கள் வழக்கமாக் கேட்கற கேள்விகளோட இன்னும் ஒண்ணைச் சேர்க்கச் சொன்னார்: நீ என்ன வேலை பார்க்கறே?

300 வருஷத்துக்கு மேல ஆச்சு. நம்ம டாக்டர் கேட்கலைன்னா நாமளே சொல்லிடலாம். இந்த எபிசோட் கேட்கற உங்க வீட்டுலயும் மில்லுல வேலை பார்த்த யாராவது இருப்பாங்க. இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் இருப்பாங்க. அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போறப்போ சீட்டுல எந்த மில், எந்தப் பிரிவு, எத்தனை வருஷம்னு எழுதிக் கொண்டு போங்க. அதுக்கு முன்னாடி இன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், லீவு முடிஞ்சு போற முதல் ஷிஃப்ட்ல எப்படி இருந்துச்சுன்னு அவங்ககிட்ட கேட்டுப் பாருங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.